பினாயில் வாசம் இல்லாத வீடு

1

சென்ற செவ்வாய்க்கிழமை முத்தியால்பேட்டையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவர் என் அக்கா தேவகி. உள்ளே இருப்பது பூந்திக்கொட்டை என்று முன்பே தெரியும். அந்தப் பெட்டியைப் பற்றிச் சுங்கக்காரர்களுக்கும் எனக்கும் மூன்று வாரமாகக் கடிதப் போக்குவரத்து நடந்துகொண்டிருந்தது.

உணவா, அழகுசாதனமா, நடுவதற்கான விதையா என்று கேட்டிருந்தார்கள். மூன்றில் ஒன்றில் குறியிட வேண்டும். மூன்றும் இல்லை, வீடு துடைப்பதற்கு என்று ஓரத்தில் எழுதி அனுப்பினேன். ஓரத்தில் எழுதியது செல்லாது என்று திரும்பி வந்தது. இரண்டாம் முறை, "விதை நீக்கிய காய்ந்த தோல், வீட்டு உபயோகம்" என்று தனித்தாளில் எழுதி, அடுப்பில் நுரைத்துக்கொண்டிருந்த பாத்திரத்தின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். எதை நம்பினார்களோ, விட்டுவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் எந்தப் பெட்டியையும் உள்ளே வைத்துப் பிரிப்பதில்லை. பால்கனியில், கதவைச் சாத்திக்கொண்டுதான் பிரிப்பேன். ஒட்டுத்தாளைக் கிழித்ததுமே தெரிந்துவிட்டது. பெட்டியின் நான்கு மூலைகளிலும், பழைய வேட்டித் துணியில் முடிந்து, நான்கு அந்துருண்டைகள் இருந்தன. வழியில் வண்டு விழுந்துவிடக் கூடாது என்று அக்கா போட்டிருக்கிறார். கப்பலோ விமானமோ, வந்த வழியெல்லாம் அது கொட்டைகளில் ஏறி ஊறியிருந்தது. ஒன்றை எடுத்துத் தண்ணீரில் கழுவி மோந்து பார்த்தேன். போகவில்லை.

கண்ணாடிக் கதவுக்கு உள்ளே என் மனைவி செல்வி நின்றிருந்தாள். மூக்கைத் தொட்டு, என்ன என்று கையால் கேட்டாள். நான் விரலால் சின்னதாக ஒரு வட்டம் போட்டுக் காட்டினேன். புரிந்துகொண்டு சிரித்தாள். வாயைத் திறந்து சிரித்தால் இருமல் பிடித்துக்கொள்ளும்; அதனால் உதட்டை மூடிக்கொண்டு சிரித்தாள்.

மாலையில் அக்காவின் குரல் கைப்பேசிக்கு வந்தது. "தம்பி, பொட்டி வந்துச்சா? கொட்ட நல்லா இருக்குதா? செல்விய கேட்டேன்னு சொல்லு."

உடனே பதில் சொல்ல என்னால் முடியவில்லை. ஏன் முடியவில்லை என்பதைத்தான் ஊரில் இதைப் படிப்பவர்களுக்கு எழுதுகிறேன்.

2

பாரிஸின் வடக்குப் புறநகரில், ஏழாவது மாடியில் குடியிருக்கிறோம். செல்வியின் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். நம் ஊரில் சொல்தா வீடு என்பார்களே, அப்படிப்பட்ட வீடு. அவளுக்கு அந்தக் குடியுரிமை இருந்தது. எனக்கு இந்த நாடு கல்யாணத்தோடு வந்தது. என் அப்பா மில் தொழிலாளி. மில் மூடிய பிறகு எங்கள் தெருவில் பாதிப் பேர் வேறு வேறு வேலைக்குப் போனார்கள். நான் இங்கே வந்து ஒரு கிடங்கில் சரக்கு சரிபார்க்கிற வேலையில் சேர்ந்தேன். செல்வி சுத்தம் செய்கிற வேலைக்குப் போனாள். ஆட்கள் வருவதற்கு முன் அலுவலகங்கள், பகலில் விடுதி அறைகள்.

அவள் அந்த வேலையில் கெட்டிக்காரி. இதைக் கணவன் என்பதால் சொல்லவில்லை. ஒரு குளியலறைக்குள் நுழைந்தால், துடைத்தவர் கையா, தெளித்துவிட்டுப் போனவர் கையா என்று மூலையைப் பார்த்தே சொல்லிவிடுவாள். மருந்துகளுக்கு அவர்களிடையே பெயர் கிடையாது. ரோஸ் என்றால் கழிவறைக்கு, நீலம் கண்ணாடிக்கு, பச்சை தரைக்கு. பெரிய கேனிலிருந்து சின்ன தெளிப்பான்களில் ஊற்றிக் கொடுப்பார்கள். தெளிப்பான்களில் சீட்டு ஒட்டியிருக்காது.

மூச்சு முதலில் படியேறும்போது பிடித்தது. பிறகு பேசும்போது. முதலில் பார்த்த டாக்டரிடம் நெஞ்சு சரியில்லை என்று சொல்ல நினைத்து, "மால் ஓ கேர்" என்றிருக்கிறாள். சொல்லுக்குச் சொல் பார்த்தால் சரிதான். ஆனால் இவர்கள் ஊரில் அதற்குக் குமட்டல் என்று அர்த்தம். பல மாதங்கள் வாந்தி மாத்திரை சாப்பிட்டாள். நல்ல டாக்டரிடம் போனபோது, நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது என்று சோதித்துக் காட்டினார்கள். தினமும் வேலையில் மூச்சோடு உள்ளே போனதுதான் காரணம் என்றார் அவர். போனது திரும்பாது என்பதையும் சேர்த்தே சொன்னார்.

வேலையால் வந்த நோய் என்று பதிவு செய்ய ஓர் அலுவலகம் இருக்கிறது. எந்தெந்தப் பொருட்களைக் கையாண்டீர்கள், பெயர் எழுதுங்கள் என்றார்கள். செல்வி ரோஸ், நீலம், பச்சை என்று எழுதினாள். அவளை வேலைக்கு வைத்திருந்த நிறுவனம் பெயர் மாறி, கை மாறி, கடைசியில் இல்லாமலே போய்விட்டிருந்தது. கேட்டுச் சொல்ல ஆளில்லை. "மேடம், நிறம் பெயராகாது" என்றாள் அந்த மேசையில் இருந்த பெண். நல்ல பெண்தான், எழுந்து நின்று கதவைத் திறந்துவிட்டாள். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எதுவுமில்லை.

3

டாக்டர் சொன்னது ஒன்றுதான்: கடையில் வாங்கும் சுத்தம் செய்யும் மருந்து எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது. அன்று முதல் எங்கள் வீட்டுத் துடைப்புத் தண்ணீர் முழுவதையும் நானே செய்கிறேன்.

ஊரில் சிலர் முறை கேட்டிருந்தார்கள். தோற்றவற்றையும் சேர்த்து எழுதுகிறேன். வினிகரில் தொடங்கினேன், அதன் காரம் அவளைப் பிடித்தது. ஆரஞ்சுத் தோலையும் வெல்லத்தையும் தண்ணீரில் போட்டு, மூன்று மாதம் ஊறவைத்தேன். ஆரம்பத்தில் தினமும் மூடியைத் தளர்த்தி வாயுவை வெளியேற்ற வேண்டும், இல்லாவிட்டால் போத்தல் வெடிக்கும். பொன்னிறமாகத் தெளிந்து, அழகான வாசத்துடன் வந்தது. அந்த அழகான வாசம்தான் அவளை இரண்டு நாள் படுக்கவைத்தது. மரத்திலிருந்து வந்ததா, தொழிற்சாலையிலிருந்து வந்ததா என்று நுரையீரல் பார்ப்பதில்லை. இயற்கை என்று எழுதியிருந்தால் நல்லது என்று நினைத்துக்கொண்டிருந்த நான் அன்றோடு அதை விட்டேன்.

கடைசியில் மிஞ்சியவை நான்கு: பூந்திக்கொட்டை, ஆப்பச் சோடா, கல்லுப்பு, வெந்நீர். விதை நீக்கிய கொட்டையில் ஒரு கைப்பிடி எடுத்து இரவு ஊறப்போடுங்கள். இடிக்கக் கூடாது, தூசு தும்மலைக் கிளப்பும். காலையில் அதே தண்ணீரில் மெல்லிய தீயில் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து, துணியில் வடிகட்டுங்கள். பழுப்பாக இருக்கும். குளிர்பெட்டியில் ஒரு வாரம் தாங்கும். தரைக்கு ஒரு வாளிக்கு ஒரு டம்ளர் போதும். கூடுதலாக ஊற்றினால் தரை காலில் ஒட்டும். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிசுக்குக்குச் சோடா, கறைக்குக் கல்லுப்பு, கண்ணாடிக்கு வெறும் தண்ணீரும் பழைய செய்தித்தாளும்.

இவை அவளைக் குணப்படுத்தவில்லை. மிச்சம் இருப்பதைக் கெடுக்காமல் இருக்கின்றன, அவ்வளவுதான்.

எங்கள் மகள் நந்தினி வேறு நகரத்தில் வேலை பார்க்கிறாள். போன முறை வந்தபோது, பருத்திப் பையில் போட்டு விற்கும் "நுவா தெ லவாஜ்" வாங்கி வந்தாள். அது பூந்திக்கொட்டை. அதைத் தண்ணீரில் போட்டால் நுரை வரும் என்று அம்மாவுக்குப் பிரெஞ்சில் பொறுமையாக விளக்கினாள். செல்வி "அப்படியா" என்று கேட்டுக்கொண்டாள். மகள் தலைக்குப் போட்டிருந்த ஷாம்பூவின் வாசம் அதற்குள் கூடம் முழுக்கப் பரவியிருந்தது. மீதிப் பேச்சை நந்தினி பால்கனியிலிருந்து, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று, கைப்பேசியில் பேசினாள். பிள்ளைகள் விலகிப்போவதற்கு மொழி காரணம், வேலை காரணம் என்று ஊரில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் கூடுதலாக ஒரு ஷாம்பூவும் காரணம்.

4

எங்கள் முத்தியால்பேட்டை வீட்டில் கீழே அக்கா இருக்கிறார். அத்தான் காலமான பிறகு அவர் தனிதான். மாடியில் ஓர் அறையும் சமையலறையும் குளியலறையும் எங்களுக்காகக் கட்டியது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் அங்கே போய் இருந்துவிடுவது என்பது கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்குள் இருந்த ஏற்பாடு. செல்வி இங்கே எந்த நாற்காலியையும் ஆசைப்பட்டு வாங்கியதில்லை. நல்லதாக எதைப் பார்த்தாலும், "மாடிக்கு வாங்கிக்கலாம்" என்பாள்.

டாக்டரிடம் கேட்டோம். கடற்கரை ஊர், சன்னல் திறந்து வைக்கலாம், குளிர் இல்லை. ஒரு பருவம் இருந்து பாருங்கள் என்றார். அவளால் அங்கே மூச்சுவிட முடிந்தால் நான் வேலையை முன்னதாகவே விட்டுவிடுவது, முடியாவிட்டால் அந்த மாடியை மறந்துவிடுவது. போன தை மாதம் இதைத் தெரிந்துகொள்ளத்தான் ஊருக்கு வந்தோம்.

அக்காவிடம் தொலைபேசியில் விவரமாகச் சொல்லியிருந்தேன். ஊதுபத்தி கூடாது, சாம்பிராணி கூடாது, சென்ட் கூடாது, தலைக்குப் பூவும் வேண்டாம். எல்லாவற்றையும் அக்கா கடைப்பிடித்தார். சாமி படத்துக்குக் கூடப் பூ வைக்கவில்லை. ஆனால் பினாயிலை நான் சொல்லவில்லை. அதுவும் வாசனைப் பொருள் என்று அக்காவுக்குத் தோன்றவும் இல்லை. பினாயில் என்பது சுத்தம். அவ்வளவுதானே நம் ஊரில்.

மூன்று நாள் கழுவியிருக்கிறார். மாடிக் குளியலறையில் ஆசிட் ஊற்றி, அது காய்வதற்குள் மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்திருக்கிறார். (யாரும் இதைச் செய்யாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் வருவது விஷக் காற்று.) கூடம், படி, முற்றம் எல்லாம் பினாயில். நாங்கள் வந்து இறங்கும் நேரம் கணக்குப் பார்த்து, வாசலில் கடைசி வாளியை ஊற்றிவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு நின்றார்.

"வாம்மா செல்வி, வா. எப்படி எளச்சிப் போயிட்ட பாரு."

செல்வி நிலைப்படியில் ஒரு காலை வைத்தாள். மற்றதை வைக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டாள். அடுத்தது ஆட்டோ, ஆஸ்பத்திரி, முகத்தில் மருந்துப் புகைக் குழாய்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா நெஞ்சில் அடித்துக்கொண்டார். "நான் இன்னா தம்பி பண்ணேன்? முட்டி தேயத் தேச்சேனே! எனக்கே கண்ணு எரிஞ்சுது, தொண்டை கமறுச்சு. அப்பத்தான் நல்லா சுத்தமாயிருக்குன்னு நெனச்சேன்."

குழாயை எடுத்ததும் செல்வி பேசிய முதல் பேச்சு இது: "அண்ணி, வாசப்படி மூலைய பாத்தேன். கைவெச்சுத் தேச்சிருக்கீங்க. இருவது வருசத்துல எங்கூட வேல செஞ்சவங்க ஒருத்தரும் அப்படித் தேய்க்கல."

அக்கா அதைக் கேட்டு இன்னும் அழுதார்.

5

அன்றிரவு விடுதியில் தங்கலாம் என்று அறை பார்த்தோம். செல்வி குளியலறை வரை போய், "நீலம்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள். ஆகவே, வெளிப்படி வழியாக ஏறி, எங்கள் சொந்த வீட்டின் மொட்டைமாடியிலேயே படுத்தோம். கடல் காற்று நன்றாக வந்தது. அறை பத்தடி தூரத்தில் பூட்டிக் கிடந்தது.

அடுத்த நாளிலிருந்து நான் வீட்டைக் கழுவினேன். கடைத்தெருவில் பூந்திக்கொட்டை வாங்கி, முற்றத்தில் விறகடுப்பு வைக்காமல், கேஸ் அடுப்பில் பெரிய குண்டானில் காய்ச்சினேன். மாடியிலிருந்து தொடங்கி, தரை, சுவர், கதவு, பிறகு படி, பிறகு கீழ்வீடு. கழுவுவது, காயவிடுவது, குனிந்து மோந்து பார்ப்பது, மறுபடி கழுவுவது. மொசைக் தரையின் இணைப்புகளில் பினாயில் பிடிவாதமாக இருந்தது.

பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா மதில்மேல் முழங்கையை ஊன்றி வேடிக்கை பார்த்தார். "பிரான்சுக்குப் போயி இத்தினி வருசமா கத்துக்கிட்டது பூந்திக்கொட்டையா தம்பி?"

"ஆமாங்க்கா."

"எங்க மாமியா அத தலைக்குக்கூடப் போட உடாது, கண்ணு எரியும்னு."

அக்கா உள்ளே இருந்து குரல் கொடுத்தார். "அவன் கழுவட்டும் லட்சுமி. அக்கா கழுவுனது அழுக்குன்னு இப்பத்தான அவனுக்குத் தெரிஞ்சிருக்குது."

சொன்னாரே தவிர, மறுநாள் காலை அக்காவே பினாயில், ஆசிட் போத்தல்களை ஒரு சாக்கில் கட்டி லட்சுமி அக்காவிடம் கொடுத்துவிட்டார். என்னிடமிருந்து வாளியை வாங்கிக்கொண்டார். கொட்டையைப் பிசையும் பக்குவம் அவருக்கு என்னைவிடச் சீக்கிரம் வந்தது.

செல்வி அறைக்குள் போனாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் இருந்தாள். பிறகு ஒரு முழுப் பகல். பிறகு அங்கேயே தூங்கினாள். கீழே இறங்கி வந்து அவரைக்காய் ஆய்ந்தாள். குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்த்தாள். வாசலில் போகிறவர்களிடம் நின்று பேசினாள், இடையில் மூச்சு வாங்காமல். நான் வேலையை விடுவதற்கான கடிதத்தை மனதுக்குள் எழுதத் தொடங்கியிருந்தேன்.

அக்காவுக்குத்தான் நிம்மதியில்லை. "கழுவுனாப்புலவே இல்ல தம்பி. முகத்த கழுவிட்டுப் பொட்டு வெக்காம வந்த மாதிரி இருக்குது ஊடு." ஒரு நாள் காலையில் முகம் தெளிந்து வந்தார். செல்வி எங்கே போனீர்கள் என்று கேட்டதற்கு, கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னார்: "லட்சுமி அப்பத்தான் பின்கட்டு கழுவிவுட்டிருந்தா. செத்த நேரம் நின்னு மோந்துட்டு வந்தேன்."

"எப்படி இருந்துச்சு அண்ணி?"

"நல்லா இருந்துச்சுடி."

"எனக்கும் சேத்து மோந்துட்டு வர்றதுதான?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு செல்வி என்னிடம் சொன்னாள்: "நான் கல்யாணமாகி இந்த ஊட்டுக்குள்ள வந்தன்னிக்கும் இந்த வாசந்தாங்க. அங்க வேலைக்குப் போறப்பல்லாம், மொத வாளிய ஊத்துனதும் ஊரு ஞாபகம் வரும். அதுக்காகவே கொஞ்சம் கூட ஊத்துவேன்."

நான் அன்றிரவு ஊறப்போட வேண்டிய கொட்டையை எடுத்து விதை நீக்க உட்கார்ந்தேன்.

6

முத்தியால்பேட்டையில் வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கின்றன. ஒரு வீட்டைக் கழுவினால் மட்டும் போதாது. எந்த வீட்டு வாசலைக் கழுவினாலும் தண்ணீர் எல்லார் வாசல் சாக்கடையிலும்தான் ஓடும். காலை வேளைகளில் சன்னலைச் சாத்திச் சமாளித்தோம். எல்லாரும் முழு வீட்டையும் கழுவிவிடுகிற வெள்ளிக்கிழமைகளில் அவளை ஆட்டோவில் கடற்கரைக்கு அழைத்துப் போய், வெயில் ஏறியதும் திரும்பினேன். ஆனால் ஆயுள் முழுக்க அப்படி ஓட முடியாது.

ஆகவே பெரிதாகக் காய்ச்சினேன். குடிதண்ணீர் போத்தல்கள் சேகரித்து, வடிகட்டி, நிரப்பி, இரண்டு பக்கமும் எதிர்ச்சாரியிலும் வீடுவீடாகக் கொடுத்தேன். செல்விக்கு நுரையீரலில் வியாதி, பினாயில் வாசம் பட்டால் மூச்சு அடைக்கும், கொஞ்ச நாளைக்கு இதால் கழுவிப் பாருங்கள், வாரா வாரம் நானே தருகிறேன் என்றேன். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. என் அப்பாவோடு மில்லில் இருந்த ஒரு பெரியவர் மட்டும், வெளிச்சத்துக்கு நேரே போத்தலைத் தூக்கிப் பார்த்து, "இது குடிக்கிறதா, தேய்க்கிறதா?" என்று கேட்டார். தேய்ப்பது என்றதும் கொஞ்சம் ஏமாந்தார்.

அந்த வாரம் செல்வி கடற்கரைக்கு வேண்டாம் என்றாள். "அதான் எல்லாருக்கும் குடுத்திருக்கீங்களே. இங்கயே இருந்து பாக்கறேன்."

வெள்ளிக்கிழமை காலை, அவள் சன்னலோரம் காபி குடித்துக்கொண்டிருந்தாள். டம்ளரைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் வாசம் வந்தது. முன்பு எந்த நாளும் அப்படி வந்ததில்லை. ஒரு வீட்டிலிருந்து இல்லை. தெருவே பினாயிலாக இருந்தது. சன்னலைச் சாத்தினேன். சாத்தியும் பயனில்லை. அவள் வாய் மீனின் வாய்போலத் திறந்து மூடியது. முந்தானையை நனைத்து முகத்தில் போட்டு, தூக்கிக்கொண்டு படியிறங்கினேன். வாசலில் சாக்கடை வெள்ளை வெளேரென்று நுரைத்து ஓடிக்கொண்டிருந்தது.

லட்சுமி அக்கா துடைப்பமும் கையுமாக எதிரே வந்தார். முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. "தம்பி, நீங்க குடுத்தத ஊத்தித்தான் எல்லாரும் கழுவுனோம். நொர என்னமா வருது! வாசனைக்கு மேலால பினாயிலும் ரெண்டு பங்கா சேத்து ஊத்துனோம். நோயாளி இருக்கற தெருவாச்சே, கிருமி கிட்ட வரக் கூடாதுன்னு ஊடு ஊடா சொல்லிவெச்சிட்டேன்..."

அப்போதுதான் என் கையில் இருந்த செல்வியைப் பார்த்தார். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, அந்தத் தெருவில் யாரும் ஓடாத வேகத்தில் ஆட்டோ பிடிக்க ஓடினார்.

இந்த முறை ஆஸ்பத்திரியில் பல நாள் இருக்க வேண்டியதாயிற்று. நல்ல நினைவு வந்ததும் செல்வி என் விரலைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "யாரையும் ஒண்ணும் கேட்டுடாதீங்க. எனக்காகத்தான் கழுவியிருக்காங்க."

"கேக்க மாட்டேன்."

விரலை விடாமலே, "நாம போயிடலாம்ங்க" என்றாள். மாடியைப் பற்றி அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

உழவர்கரைப் பக்கம் தனி வீடாகப் பார்க்கலாமே என்று சிலர் சொன்னார்கள். போய்ப் பார்த்தேன். அங்கும் வெள்ளிக்கிழமை உண்டு.

7

கிளம்பிய அன்று செல்வியை ஆஸ்பத்திரியிலிருந்து நேராகக் காரில் ஏற்றி, தெருவுக்குள் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு உட்காரவைத்தேன். பெட்டிகளை எடுக்க நான் மட்டும் மேலே போனேன். அறையை ஒரு முறை துடைத்துவிட்டு வந்தேன். ஏன் என்று கேட்டால் காரணம் இல்லை, வாளியில் தண்ணீர் மிச்சமிருந்தது. சாவியை அக்காவிடம் கொடுத்தேன்.

"யாருக்காவது வாடகைக்கு வுடுங்க அக்கா."

"எதுக்கு வுடணும்? நீங்க வர்றதுக்கு வேணாமா?"

அக்கா சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். லட்சுமி அக்கா தன் வீட்டு வாசலில், எங்களைப் பார்க்காமல், தலையைக் குனிந்து நின்றிருந்தார். செல்வி காருக்குள்ளிருந்து கண்ணாடியைத் தட்டி, அவரைக் கைகாட்டிக் கூப்பிட்டாள். இருவரும் கண்ணாடியின் இரு பக்கமும் உள்ளங்கையை வைத்துக்கொண்டார்கள்.

அந்த நேரம் பார்த்து, தெருமுனையில் ஒலிபெருக்கிக் குரல் கேட்டது. "பினாயிலே... ஆசிட்டே... பிளீச்சிங் பவுடரே..." பழைய டிவிஎஸ்ஸில் கேன்களைக் கட்டிக்கொண்டு வாரம் ஒருமுறை வருகிறவர். ஓட்டுநர் வண்டியைக் கிளப்பினார். அக்கா வலது கையால் டாட்டா காட்டினார். இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தார். வண்டி கொஞ்சம் திரும்பியபோது தெரிந்தது. புடவைத் தலைப்புக்குள் ஒரு காலிப் போத்தல் இருந்தது.

நான் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். செல்வியும் பார்த்துவிட்டிருந்தாள்.

"சீக்கிரம் போங்கண்ணா," என்றாள் ஓட்டுநரிடம். "பாவம், அவங்க எவ்ளோ நேரம் கைய மறச்சிக்கிட்டே நிப்பாங்க."

8

அக்காவுக்கு நேற்றுதான் பதில் சொன்னோம். நான் எண்ணைப் போட்டுவிட்டு, என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் செல்வி கைப்பேசியை வாங்கிக்கொண்டாள்.

"அண்ணி, பொட்டி வந்துச்சு."

"கொட்ட எப்படிடி இருக்குது? வண்டு கிண்டு வுழுந்துச்சா?"

"ஒரு பூச்சிகூட இல்ல அண்ணி."

"அதுக்குத்தான் அந்துருண்ட போட்டேன். அடுத்த வாட்டி எட்டா போடறேன்."

"போடுங்க அண்ணி."

கொட்டையைத் தூக்கிப் போட வேண்டாம் என்கிறாள். அக்கா ஒவ்வொன்றாக விதை எடுத்துக் காயவைத்தது என்கிறாள். பெட்டி பால்கனியின் கோடியில், மழை படாத இடத்தில் இருக்கிறது. வீடு துடைக்க, மகள் வாங்கிவந்த பருத்திப் பையிலிருந்து எடுத்துக் காய்ச்சுகிறேன். வெயில் அடிக்கிற நாளில் பால்கனியில் நாற்காலி போட்டு உட்காருவது மட்டும்தான் செல்விக்கு வெளியே என்று இருந்தது. அந்தக் கதவை இப்போது நாங்கள் திறப்பதில்லை.